சிக்கு முடி

கைனாத்தின் வகிடு இடப்பக்கம் இருந்தது.

சீப்பும் ரிப்பனுமாக ஷாயிஸ்தா வந்து நின்றபோது பிள்ளை பள்ளிச் சீருடையோடு கண்ணாடி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வாரி முடிந்திருந்தது. ஷாயிஸ்தா எடுப்பது நடு வகிடு. அதுவும் அவசரத்தில் கோணலாகத்தான் போகும். இது நெற்றியின் இடது ஓரத்தில் தொடங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதைப் போல, ஒரு முடிகூட எல்லை தாண்டாமல் பின்மண்டை வரை போயிருந்தது. தன் தலையில் தானே எடுத்துக்கொள்வதென்றால் பெரியவர்களுக்கே வராத வேலை. ஒன்பது வயதிலும் சோற்றைச் சட்டையில் சிந்துகிற பிள்ளைக்கு வருமா?

“யாருடி வாரி வுட்டது?”

“தானா வந்துச்சும்மா.”

“தானா வர்றதுக்கு அது இன்னா கொட்டாவியா?”

ஷாயிஸ்தா தலையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாரினாள். அவள் வாருவது பாத்திரத்தில் அடிப்பிடித்ததைச் சுரண்டுவது போல இருக்கும். கைனாத் தோளைக் குறுக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டாள். நடு வகிடு எடுத்தாயிற்று. சீப்பை வைத்துவிட்டு ரிப்பனை எடுத்துத் திரும்பினால், முடி மிதிபட்ட புல் நிமிர்வதைப் போல மெல்ல எழுந்து, பிரிந்து, இடப்பக்கமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. மறுபடி வாரினாள். மறுபடி அதே. ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கமிருந்து பள்ளி வேனின் ஹாரன் கேட்டது. சனியன், எப்படியோ போகட்டும் என்று இரண்டு சடையையும் பின்னி மடித்துக் கட்டக் குனிந்தபோது மூக்கில் ஏறியது மரிக்கொழுந்து வாசனை.

அந்த வீட்டில் யாரும் மரிக்கொழுந்து வாங்கியதில்லை.

ஷாயிஸ்தாவைப் பொறுத்தவரை முடி என்பது அழுக்கு. அவளுடைய அத்தா நாகல்கேணியில் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர். சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத் தோலை மரக்கட்டை மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி போட்ட வளைந்த கத்தியால் நாள் முழுக்க மயிர் வழிப்பார். நகத்தையெல்லாம் சுண்ணாம்பு தின்றிருக்கும். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் சோற்றில் ஒரு மயிர் கிடக்கும். அப்படி வளர்ந்தவள் படிப்பை விட்டதும் ஒரு விக் கம்பெனியில் சேர்ந்தாள். கம்பெனி மூடியதும், கற்ற கைவேலையை வைத்து இரும்புலியூர் வீட்டிலேயே இந்தத் தொழிலைப் பிடித்தாள். பொம்மைக் குதிரைக்கு முடி நடுவது.

உள்ளங்கை உயரத்துக்கு ரப்பர் குதிரை. ரோஸ், ஊதா, மஞ்சள். தொடையில் பூவோ நட்சத்திரமோ அச்சடித்திருக்கும். அதைச் சேர்த்து வைப்பதற்கென்றே பெங்களூரிலும் ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளிலும் நாற்பது வயதுக் குழந்தைகள் இருக்கிறார்கள். பிடரி முடி பறட்டையாகிவிட்டது, வால் சிக்கிவிட்டது என்று அழாத குறையாக பார்சல் அனுப்புவார்கள். ஷாயிஸ்தா வெந்நீரில் கழுத்தைக் காட்டி இளக்கித் தலையைத் திருகிக் கழற்றுவாள். உள்ளே வாலைப் பிடித்திருக்கும் துருவேறிய இரும்பு வளையத்தை எடுத்து எறிவாள். பழைய முடியைக் குறடால் பிடுங்கிவிட்டு, துளை துளையாகப் புது நைலான் முடியை ஊசியில் கோத்து நட்டு, உள்பக்கம் முடிச்சுப் போட்டுப் பசை விடுவாள். சுருட்டை வேண்டுமென்றால் ஸ்ட்ராவில் சுற்றிக் கொதிநீரில் முக்குவாள். குதிரை போய்ச் சேர்ந்ததும் “அழுதுட்டேன் சிஸ்டர்” என்று செய்தி வரும். பெற்ற அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்து எத்தனை வருஷம் ஆனதோ இதுக்கு என்று நினைத்துக்கொண்டு, ஷாயிஸ்தா ஒரு இதயப் படத்தைத் திருப்பி அனுப்புவாள்.

கீழ்க்கட்டளை சாமுண்டீஸ்வரி அந்த ரகம் இல்லை. ஏரிக்கரையில் நெல் விதைத்த குடும்பம்; இப்போது அதே நிலத்தில் வாடகை வீடுகள் நிற்கின்றன. கழுத்துச் சங்கிலி கனத்திருந்தது, பேச்சு மட்டும் பழையபடி. ஒரு மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கி, முடியில்லாத ஒரு ரோஸ் குதிரையையும் ஒரு துணிக்கடைப் பையையும் மேஜை மேல் வைத்தாள்.

“எம்பொண்ணு அனுப்பிரியாவுதுமா. எந்தம்பி சக்திவேலு சிங்கப்பூர்லேந்து வாங்கியாந்தான். வெளையாடறேன்னு முடிய அவளே கத்திரிச்சிட்டா. போன வருஷம் டெங்கு காய்ச்சல்ல போயிட்டா.”

ஷாயிஸ்தா முகத்தைத் தேவையான அளவுக்கு வாடவைத்தாள். “பையில இன்னாக்கா?”

“அவ முடிதான். வாரும்போது வுழற முடியெல்லாம் சுருட்டிச் சுருட்டி எடுத்து வெச்சிகினு வந்தேன். பெரிய மனுஷி ஆவும்போது சடை வெக்கணுமில்ல, அதுக்கு சவுரி கட்டலாம்னு.” அவள் பையைத் தடவினாள். “இனி எங்க. அத்த இந்தக் குதிரைக்கு வெச்சிக் குடுமா. வாரறதுக்கு எனக்கு ஒரு தல வேணும்.”

அவள் போன பிறகு பையைத் திறந்ததும் ஷாயிஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டாள். பந்து பந்தாகச் சிக்கு முடி, காறிப்போன எண்ணெய் வாடை, ஈர் ஒட்டிய இழைகள். சீப்பில் வந்த முடிக்கு வேர் எது, நுனி எது என்று கிடையாது. ஒன்று மேலே பார்க்கும், ஒன்று கீழே பார்க்கும். தொட்டால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இழை இழையாகப் பிரித்து வேரையெல்லாம் ஒருபக்கம் திருப்பி அடுக்க வேண்டும். விக் கம்பெனியில் அதற்கென்றே பெண்கள் இருந்தார்கள், கண் போய், முதுகு கூனி. செத்துப்போன ஒரு பிள்ளையின் பேன் முடிக்காக இவள் அதையெல்லாம் செய்யவேண்டுமாக்கும்.

அந்த வாரமே தெருவில் முடி வாங்குகிற சைக்கிள்காரன் கத்திக்கொண்டு வந்தான். பையை அப்படியே அவனிடம் போட்டாள். அவன் உருட்டிப் பார்த்தான், மோந்து பார்த்தான். “ஒரே பிசுக்குக்கா. பெர்சா ஒண்ணும் தேறாது” என்று ஒரு நீல பேசினைத் தந்துவிட்டுப் போனான். அந்த பேசினில்தான் வெந்நீர் ஊற்றிக் குதிரையின் தலையைக் கழற்றினாள்.

முடிக்குக் கைனாத் இருந்தாள். கறுப்பு கறுப்புதானே. பிள்ளை போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, மேல் முடியைத் தூக்கி கிளிப் போட்டு, பிடரியில் வெளியே தெரியாத இடத்தில் ஒரு கொத்தைப் பிடித்து ஒட்ட வெட்டினாள். “எதுக்கும்மா?” “பேன்.” வெட்டிய முடியை மண்ணில் புதைக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள்தான். புதைக்கவில்லை. நூலால் கட்டி, வேர்ப்பக்கத்தை ஒன்றுபோலத் தட்டிச் சீராக்கி, ஊசியில் கோத்தாள். ரோஸ் உடம்பில் கறுத்த மனித முடி முளைக்க முளைக்க அந்தக் குதிரை பார்க்கச் சகிக்கவில்லை. அவளுக்கென்ன.

சாமுண்டீஸ்வரி வந்து வாங்கி, முடியில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் நின்றாள். எப்படி அலச வேண்டும், எந்தச் சீப்பு வேண்டும் என்று ஷாயிஸ்தா சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனாள். அன்று ஷாயிஸ்தா, புருஷன் முதாசிர் ஏ.சி. மெக்கானிக் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, தலையணையை மூக்கில் அழுத்திக்கொண்டு அந்த அழுகையை நடித்துக் காட்டினாள். “பாவம்டி, சிரிக்காத” என்று சொல்லிவிட்டு அவனும் சிரித்தான்.

கைனாத்தின் வகிடு மாறியது அதற்கடுத்த வாரம். அன்று மத்தியானமே சாமுண்டீஸ்வரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது.

“ஷாயிஸ்தா, நல்லாக்கீறியாமா? நீ சொன்னாப்லயே வெதுவெதுன்னு தண்ணியில அலசி, பெரிய பல்லு சீப்பால நுனியிலேந்து சிக்கெடுத்தேன். இடப்பக்கம் வகிடு எடுத்தேன், அவளுக்கு அதான் புடிக்கும். கொஞ்சம் மரிக்கொழுந்து வெச்சேன். அவ்ளோ அழகாக்கீது.”

ஷாயிஸ்தா போனைக் கவிழ்த்து வைத்தாள். தெருவில் யாரோ பூ விற்றிருப்பார்கள். வேனில் எந்தப் பிள்ளையாவது தலையில் வைத்திருக்கும். புத்தி கெட்ட பொம்பளை எதையாவது உளறினால் இவளும் சேர்ந்து உளற வேண்டுமா? அன்று நட வேண்டிய ஊதாக் குதிரையை எடுத்து வைத்துக்கொண்டாள். ஊசி விரலில் ஏறியது.

சாயங்காலம் கரண்ட் போனது. கைனாத் வாசற்பக்க வெளிச்சத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஃபேன் நின்ற வீட்டில் எல்லாச் சத்தமும் கிட்டத்தில் வந்தது: ரயில் தண்டவாளம் தாண்டுகிற தடதடப்பு, மேலே இறங்குகிற விமானம், பக்கத்து வீட்டுக் குழாயில் சொட்டு விழுவது, இவற்றுக்கெல்லாம் அடியில், தவிட்டைச் சலிப்பது போல ஒரு மெல்லிய உரசல், நின்று, தொடர்ந்து, நின்று, தொடர்ந்து, சீப்பு முடியில் இறங்குகிற சத்தம் என்று ஷாயிஸ்தாவின் காது கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்பே அவளுடைய உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கைனாத்தின் அவிழ்ந்த முடி அவளுடைய முதுகின் மேல் தானாகத் தூக்கி நின்றது. பல் பல்லாகப் பள்ளம் விழுந்து, உச்சியிலிருந்து நுனி வரை ஏதோ இறங்கியது. பிறகு முடி மூன்றாகப் பிரிந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இறுகி, அவசரமில்லாமல் பின்னிக்கொண்டு கீழே வந்தது.

பிள்ளை பென்சிலை விட்டுவிட்டாள். கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்திருந்தாள், யாருடைய முழங்காலிலோ சாய்வது போல. பின்னால் ஒன்றும் இல்லை.

“கைனாத்!”

“இரும்மா.”

“எழுந்து வாடி இங்க!”

“நல்லாருக்கும்மா.” கண்ணைத் திறக்கவில்லை. “நீ வாருனா வலிக்கும். இவங்க வலிக்காம வார்றாங்க.”

“எவங்க?”

பிள்ளை சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை ஷாயிஸ்தா அவளிடம் பார்த்து நாளாயிற்று.

முதாசிர் வந்து சடையைத் தூக்கிப் பார்த்தான். “சூப்பரா பின்னிகீற. இதுக்கு ஏன் மூஞ்சிய இப்டி வெச்சிகினு கீற?” என்றான். அவனுக்கு கம்ப்ரஸர் ஓடாவிட்டால் தெரியும், வேறு எதுவும் தெரியாது. ஷாயிஸ்தா சொன்னதைக் கேட்டுவிட்டு, “நாள் பூரா மயிரையே பாத்துகினு இருந்தா இப்டிதான் ஆவும்” என்று படுத்துவிட்டான்.

அவள் பிள்ளையின் தலையில் துணியை இறுக்கிக் கட்டினாள். துணிக்குள்ளேயே சடை மாறியது. ஓதி ஊதிய தண்ணீரை வாங்கிவந்து தெளித்தாள். அது வெறும் தண்ணீராக வடிந்தது. கைனாத் இப்போதெல்லாம் காலையில் சீப்போடு வருகிற அம்மாவைக் கண்டால் ஒதுங்கினாள். ஸ்டூலில் போய்ச் சும்மா உட்கார்ந்து காத்திருந்தாள். மற்றவளுக்காக. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவள் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினாள். அங்கே மட்டும் முடி நனைந்து ஒட்டியிருந்தது.

“அழுறாங்கம்மா. பாவம்.”

ஷாயிஸ்தா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

மறுநாளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாகக் கீழ்க்கட்டளைக்குப் போனாள். போகிற வழியெல்லாம் சாமுண்டீஸ்வரியைத் திட்டிக்கொண்டே போனாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் உலகத்தில் இவள் ஒருத்திதானா? நாகல்கேணியில் எத்தனை பிள்ளைகள் செத்தன. பெற்றவர்கள் மறுநாள் தோலுக்கு நடுவில் போய் நிற்கவில்லையா? குதிரைக்கு மரிக்கொழுந்து வைத்துக் கொஞ்சினார்களா?

கூடத்தில் அனுப்பிரியாவின் மாலை போட்ட படம். அதற்கு நேர் எதிரே சின்ன நாற்காலி, நாற்காலியில் குதிரை. ஷாயிஸ்தா கொடுத்தபோது பிடரி முடி அதன் வயிறு வரைக்கும்தான் இருந்தது. இப்போது நாற்காலியின் கால் தாண்டித் தரையில் கிடந்தது.

“வளருது, பாத்தியா?” என்றாள் சாமுண்டீஸ்வரி. குரலில் ஆச்சரியமே இல்லை.

“அக்கா, உள்ள முடிச்சு லூசா இருக்கும்னு தோணுது. ரெண்டு நாள் குடுங்க. டைட் பண்ணிக் குடுத்துடறேன்.”

“நீ போட்ட முடிச்சு ஸ்ட்ராங்காதான் கீது. இஸ்துப் பாரு, ஒண்ணுகூட வராது.”

ஷாயிஸ்தா குதிரையைத் தூக்கினாள். ரப்பர் உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் விட்ட பிள்ளையைப் போல. அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா? வாசலில் சாமுண்டீஸ்வரியின் புருஷன் சிட்டிபாபு நின்றார். தெருவில் பாதிப் பேர் அவருக்கு வாடகை கொடுப்பவர்கள். சிக்கெடுப்பது போலத் தடவி ஒற்றை முடியை மட்டும் சுண்டி இழுத்தாள். அது அறுந்து வந்தது. அறுந்த முனையில் ரத்தம் ஒரு துளி.

குதிரையை நாற்காலியில் வைத்துவிட்டாள்.

“ஷாயிஸ்தா, ஒண்ணு கேக்கறேன்.” சாமுண்டீஸ்வரி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “எங்க வூட்டுக்காரரும் கீறாரு. அவ போட்டோவும் கீது. மறைக்காம சொல்லு. இது எம்பொண்ணு முடிதானே?”

சிட்டிபாபு நகரவில்லை. சொல்லிவிடலாம். இல்லைக்கா, உங்கள் பெண்ணின் முடியை ஒரு நீல பேசினுக்குப் போட்டுவிட்டேன், இது என் பெண்ணின் முடி, கொடுத்துவிடுங்கள். சொன்னால் என்ன ஆகும்? தெரு கூடும். போன் போனாகச் செய்தி போகும். செத்த பிள்ளையின் முடியை விற்றவள் என்று தாம்பரம் வரைக்கும் பேர் நாறும். அதைவிட, இந்தப் பொம்பளையின் காலில் விழ வேண்டும். பொம்மைக்குத் தலை வாருகிற பைத்தியத்தின் காலில்.

“உங்க பொண்ணு முடிதான்க்கா. வேற யாருது?”

“உன் வாயால சொல்லிட்ட. போதும்.” சாமுண்டீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “காய்ச்சல் வந்தப்ப, பொழச்சிட்டா முடியெறக்கறேன்னு குலசாமிக்கு வேண்டிக்கினேன். எறக்கறதுக்கு அவ இல்ல. வேண்டுதல் அப்டியே நிக்குது. வர்ற ஆடி ஞாயித்துக்கெழம கோயில்ல வெச்சு, எந்தம்பி மடியில உக்கார வெச்சு, மொட்ட போடறோம்.”

“குதிரைக்கா?”

“எம்பொண்ணுக்கு.”

திரும்பி வரும்போது ஷாயிஸ்தாவின் நெஞ்சிலிருந்து கனம் இறங்கியிருந்தது. மொட்டை போடட்டுமே. முடி இருப்பதால்தானே இந்தத் தொல்லை? முடி போனால் அவள் எதை வாருவாள்? வழித்து எறிந்த தோலில் எந்தப் பேயும் உட்காராது. கைனாத்துக்கும் மொட்டை விழுமோ என்னவோ, விழட்டும். பள்ளியில் பேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முடிதானே, ஆறு மாதத்தில் வளரும். இத்தனை சுலபமாக முடியப்போகிற விஷயத்துக்கு இப்படி நடுங்கினோமே என்று அவளுக்குத் தன் மேலேயே இளக்காரமாக இருந்தது.

வீட்டு வாசலில் கைனாத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள். “யாரோ ஒரு முடிய புடுங்கிட்டாங்கம்மா. ரொம்ப வலிச்சுது. அவங்க இல்ல. அவங்க புடுங்க மாட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை முதாசிர் வண்டலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஏ.சி. பார்க்கப் போய்விட்டான். ஷாயிஸ்தா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். தலையில் கட்ட ஒரு புதுத் துணியை மடித்துத் தயாராக வைத்தாள். கைனாத்தை ஸ்டூலில் உட்காரவைத்துப் பக்கத்தில் நின்றாள். நல்ல வெயில். பக்கத்து வீட்டில் குக்கர் விசில், கறிக்குழம்பு வாசனை, டி.வி.யில் யாரோ கைதட்டிச் சிரிக்கிற சத்தம். பயப்படுவதற்கான நேரமே இல்லை இது என்று ஷாயிஸ்தா நினைத்தாள்.

முதலில் தண்ணீர். சொம்பால் ஊற்றியது போலப் பிள்ளையின் தலை சட்டென்று நனைந்தது. காதோரம் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. கைனாத் மூச்சை இழுத்து, பிறகு சிரித்தாள்.

அடுத்து அவள் உயர்ந்தாள்.

கொஞ்சம்தான். ஸ்டூலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு கையளவு வெளி. அந்த வெளியின் வழியாக எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் கீழ்முனை தெரிந்தது. கால் இரண்டும் தொங்கின. முதுகு வளைந்து எதிலோ பொருந்தியது. ஒரு மடியில்.

ஷாயிஸ்தா இரண்டு உள்ளங்கையையும் பிள்ளையின் தலைமேல் வைத்து அழுத்தினாள். முடி போனால் போகட்டும் என்று நினைத்தவள்தான். கை கேட்கவில்லை. அழுத்தினாள். உள்ளங்கைக்கும் தலைக்கும் நடுவே ஏதோ நுழைந்தது. சில்லென்று. தகடு. உச்சியிலிருந்து நெற்றி நோக்கி, சரசரவென்று, பழகிய கையின் வேகத்தில். கைக்கு அடியில் முடி இருந்தது. அப்புறம் இல்லை. வழுவழுப்பான ஈரத் தோல் மட்டும். விரலைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு பட்டை. தரையில் ஒரு முடியும் விழவில்லை. அது வேறெங்கோ விழுந்துகொண்டிருந்தது.

இன்னொரு பட்டை. காதை மடித்தது ஏதோ. காதுக்குப் பின்னால் வழித்தது. பிடரி. முடிந்தது.

கைனாத் அழவில்லை.

அவ்வளவுதான், முடிந்தது, இதோடு தீர்ந்தது என்று ஷாயிஸ்தா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே துணியை எடுத்தாள். பிள்ளை இறங்கவில்லை. ஸ்டூலுக்கு மேலேயே இருந்தாள். மொட்டைத் தலையில் மஞ்சளாக ஒரு பொட்டு விழுந்தது. விரல் தடம் விரல் தடமாக அது பரவியது. சந்தனம். வீடெல்லாம் குளிர்ந்த சந்தன வாசனை.

போன் அடித்தது. சாமுண்டீஸ்வரி. பின்னால் பம்பைச் சத்தம் காதைக் கிழித்தது.

“முடிஞ்சிடுச்சு ஷாயிஸ்தா.”

“அக்கா! அக்கா, அது உங்க பொண்ணு முடி இல்ல. எம்பொண்ணு முடி. நான்தான் வெட்டி வெச்சேன். உங்க முடிய முடிக்காரன்கிட்ட போட்டுட்டேன். உங்க கால்ல வுழறேன், அந்தக் குதிரைய...”

பம்பை கொஞ்ச நேரம் அடித்தது.

“தெரியும்.”

ஷாயிஸ்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“பொறந்ததுலேந்து நான் வாருன தலைமா அது. வேற முடின்னு தொட்டவொடனே தெரியாதா? முடி வளர ஆரம்பிச்சப்ப, யாரோ உசுரோட கீற புள்ளதுன்னு புரிஞ்சிச்சு. அதான் உன்ன கேட்டேன். அவரு முன்னாடி, போட்டோ முன்னாடி கேட்டேன். ‘இல்லக்கா, எம்பொண்ணுது’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கியே குடுத்திருப்பேன். நீ இன்னா சொன்ன?”

குரலில் கோபமில்லை. பிள்ளையைத் தூங்கவைக்கிறவளின் குரல்.

“பூசாரியும் அதான் கேட்டாரு, யாரு புள்ளன்னு. நீ சொன்னதத்தான் சொன்னேன். எங்க குலசாமி முன்னாடி, தாய்மாமன் மடியில முடியெறக்குன புள்ள எங்க வூட்டுப் புள்ள. சாமி சேத்துகிச்சு. அவ்ளோதான்மா. வெயில் ஏறுது. தூக்கிகினு கெளம்பறேன்.”

லைன் போனது.

மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. முதாசிருக்கு. எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு டி.வி.யில் கைதட்டினார்கள்.

கைனாத் காற்றில் எழுந்தாள்.

ஷாயிஸ்தா பாய்ந்து இடுப்பைக் கட்டினாள். பிடி வழுக்கியது. முழங்காலைப் பிடித்தாள். பிள்ளையின் கால்கள் அகன்று, இல்லாத ஓர் இடுப்பின் இரண்டு பக்கமும் தொங்கின. கைகள் நீண்டு, இல்லாத ஒரு கழுத்தைச் சுற்றிக் கோத்துக்கொண்டன. சட்டையின் முதுகுப்பக்கம் ஒரு கையின் அளவுக்கு உள்ளே அமுங்கியது. தட்டிக்கொடுத்தது.

“கைனாத்! இங்க பாருடி! அம்மாவப் பாரு!”

பிள்ளை பார்த்தாள். பஸ்ஸில் முந்தானையை மிதித்துவிட்ட யாரையோ பார்ப்பது போல.

“ஆன்ட்டி, கால வுடுங்க.”

அப்புறம் சாய்ந்துகொண்டாள். மூடிய கதவுக்கு முன்னால், தரைக்கு மேலே, வெறும் வெளியில். கண்கள் செருகின. சந்தனம் பூசிய மொட்டைத் தலை ஒரு பக்கமாகச் சரிந்து எதன்மேலோ படிந்தது. படிந்த இடத்தில் ஈரச் சந்தனம் நசுங்கி, ஒரு தோளின் வளைவுக்குத் தட்டையாகி, அங்கேயே ஒட்டிக்கொண்டது.